அடுத்த வீட்டு பிரிண்டருக்கு ஊரைச் சுற்றிப் போகாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

நம் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு பக்கம் பல காம்பவுண்டுகளில் இதுதான் நிலைமை: அண்ணன் வீட்டில் ஒரு ரவுட்டர், தம்பி வீட்டில் ஒரு ரவுட்டர். பிரிண்டர் அண்ணன் வீட்டில். தம்பி மகளுக்கு ஹால் டிக்கெட் வேண்டும் என்றால் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறாள். அவர் பார்க்கவில்லை என்றால் கடைக்கு ஓடுகிறாள். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்! மூல வைகை நம்மைத் தாண்டித்தான் வைகை அணைக்குப் போகிறது. அந்தத் தண்ணீரை அணையில் போய் மொண்டு, லாரியில் ஏற்றி வந்து குடிப்போமா? சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய கோப்பை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பித் திரும்ப வாங்குவதும் அதே கூத்துதான்.

“கடையில் பத்து ரூபாய்க்கு முடிகிற வேலை சார்” என்பீர்கள். பத்து ரூபாயோடா முடிகிறது? உங்கள் ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாம் அந்தக் கடைக் கணினியிலேயே கிடக்கின்றன. அழிக்கச் சொல்லிவிட்டு வருகிறவர் எத்தனை பேர்? 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், பொதுக் கணினிகளில் ஆதாரைப் பதிவிறக்காதீர்கள், இறக்கினால் நகல்களை அழித்துவிடுங்கள் என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு என்று இரண்டே நாளில் அந்த அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அறிக்கையைத் திரும்பப் பெறலாம். கடைக் கணினிக்குள் போன உங்கள் கோப்பை யார் திரும்பப் பெறுவது?

“கிளவுடு இருக்கும்போது கம்பி எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. இன்று உலகமே பயன்படுத்தும் ஈதர்நெட் முறை 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஏன் பிறந்தது தெரியுமா? அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் ஒரே லேசர் பிரிண்டரைப் பகிர்ந்துகொள்ளத்தான். ஐம்பது ஆண்டுக்கு முன்பே தீர்ந்த பிரச்சினைக்கு நாம் இன்னும் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறோம். இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள் போட்ட இணைப்பு அறுவதில்லை.

புது ரவுட்டர் வாங்கினால்தான் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருப்பதே போதும்.

ஒன்று: முதல் ரவுட்டரைத் தலைமையாக வையுங்கள். அதன் முகவரி 192.168.1.1 என்று கொள்வோம். (192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை.)

இரண்டு: இரண்டாவது ரவுட்டருக்கு 192.168.1.2 என்று மாற்றுங்கள். தலைமை ரவுட்டர் பங்கிடும் எண்களில் இந்த 2 இருக்கக் கூடாது.

மூன்று: இரண்டாவதில் டிஎச்சிபி-யை நிறுத்துங்கள். இதுதான் முக்கியம். ஒரே வகுப்புக்கு இரண்டு வாத்தியார் ரோல் நம்பர் போட்டால் என்ன ஆகும்? 12-ஆம் நம்பரில் இரண்டு பையன்கள் எழுந்து நிற்பார்கள்.

நான்கு: கேபிளை லேன் துளையிலிருந்து லேன் துளைக்குப் போடுங்கள். வேன் துளையில் சொருகினால் இரண்டாவது ரவுட்டர் தனிச் சுவர் கட்டிக்கொள்ளும். தலைமை வீட்டுக் கணினிகளுக்கு அடுத்த வீட்டுக் கோப்பு தெரியாது.

ஐந்து: பிரிண்டருக்கு நிலையான எண் ஒன்று கொடுங்கள். பகிரும் கோப்புறைக்குக் கடவுச்சொல் போடுங்கள்.

இப்படி இணைத்தால் இரண்டு வீடும் தலைமை ரவுட்டரின் இணையத்திலேயே ஓடும். அது போதுமென்றால் இன்னொரு இணைப்பின் மாதக் கட்டணமும் மிச்சம். அந்தப் பணத்துக்குப் பிரிண்டர் மை வாங்கலாம்.

சில நிறுவனங்கள் தாங்கள் தரும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைப் பூட்டி வைக்கின்றன. மாதாமாதம் பணம் கட்டுகிறவர் நீங்கள். திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே வலையில் இருப்பவர் ஒருவர் கருவியை ஒருவர் பார்க்க முடியும். ஆகவே வாடகைக்குக் குடியிருப்பவரோடும் அறிமுகமில்லாதவரோடும் இப்படி இணைக்காதீர்கள். செப்புக் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் ஆகாது. வீடுகள் தள்ளி இருந்தால் வெட்டவெளியில் செப்புக் கேபிள் இழுக்கவும் வேண்டாம். நம் மலையடிவாரத்து ஐப்பசி இடி எப்படி என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் விழும் மின்னலே இரண்டு ரவுட்டரையும் கருக்கிவிடும். அங்கே ஃபைபர் கேபிள் போடுங்கள், இல்லை வைஃபை வழியாக இணையுங்கள்.

சொத்தைப் பிரித்தீர்கள், சரி. அடுப்பைப் பிரித்தீர்கள், அதுவும் சரி. பிரிண்டரையும் பிரிக்க வேண்டுமா? சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலை பார்க்கிற என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அங்கே அலுவலகத்தில் ஆயிரம் கணினிகளை இணைக்கிறீர்கள். இங்கே உங்கள் அம்மா ஓய்வூதியத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நிற்கிறார். அடுத்த முறை ஊருக்கு வரும்போது இனிப்புப் பெட்டியோடு பத்து மீட்டர் லேன் கேபிளும் எடுத்து வாருங்கள். அரை மணி நேர வேலை.

மறுப்பவர்கள் கீழே எழுதுங்கள். காரணத்தோடு எழுதினால்தான் மதிப்பெண்.