இதயத்துக்கு இயந்திரம்: எமது கோரிக்கை எதுவாதல் வேண்டும்?

மக்கள் தம் குறைகளை எடுத்துரைக்கும் கூட்டங்களில் புதியதொரு கோரிக்கை எழுந்துள்ளது. செயலிழந்த இதயத்துக்குத் துணைநின்று குருதியைச் செலுத்தும் இயந்திரங்கள் மேல்நாடுகளில் உள்ளனவாமே, அவற்றை மட்டக்களப்புக்கும் பெற்றுத் தாருங்கள் என்று படித்தோரும் கமக்காரரும் எம்மிடம் கேட்கின்றனர். கோரிக்கை நியாயமானதே. கொழும்பில் வாழ்வோனின் உயிருக்கு ஒரு விலை, கொக்கட்டிச்சோலையில் வாழ்வோனின் உயிருக்கு வேறொரு விலை என்று எந்த நீதியும் கூறாது. ஆயினும் எதைக் கேட்கிறோம், எந்த ஒழுங்கில் கேட்கிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். தெளிவின்றிக் கேட்போருக்கு அரசுகள் கொடுப்பது பெரும்பாலும் திறப்பு விழா ஒன்றுதான்.

நோய் யாது? மாரடைப்பின்போது இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி அடைபடுகிறது. தசையின் பெரும்பகுதி செயலிழந்தால் உடலுக்கு வேண்டிய குருதியை இதயத்தால் செலுத்த இயலாது. குருதி அமுக்கம் வீழ்கிறது, கைகால்கள் குளிர்கின்றன, சிறுநீர் குறைகிறது, அறிவு மயங்குகிறது. இதனை இதய அதிர்ச்சி நிலை என்பர். இங்கே அதிர்ச்சி என்பது மனக்கலக்கம் அன்று. உறுப்புகள் குருதியின்றி வாடும் நிலையாகும். மாரடைப்புற்ற 100 பேரில் 5 முதல் 10 பேர் வரை இந்நிலையை அடைகின்றனர். வசதி மிக்க வைத்தியசாலைகளிலும் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துபடுகின்றனர்.

இவர்களைக் காக்க எழுந்த கருவிகளின் வரலாறு நாம் நினைப்பதுபோல் வெற்றி வரலாறு மட்டுமன்று. 1967இல் நியூயோர்க் நகரில் அட்ரியன் கன்ட்ரோவிட்ஸ் என்னும் அறுவை வைத்தியர், பெருநாடிக்குள் பலூன் ஒன்றைச் செலுத்தி, இதயத் துடிப்புக்கு இசைய அதனை விரித்தும் சுருக்கியும் இதயத்துக்குத் துணை செய்தார். உலகெங்கும் பல்லாண்டுகள் அதுவே கைக்கொள்ளப்பட்டது. 2012இல் ஜெர்மனியில் 600 நோயாளரிடம் முறையாகச் சோதித்தபோதோ, பலூன் வைக்கப்பட்டோரும் வைக்கப்படாதோரும் 30 நாளில் ஏறக்குறைய ஒரே அளவில், 100க்கு 40 பேராக, இறந்தமை தெரியவந்தது. உடலுக்கு வெளியே குருதியை எடுத்து, உயிர்வாயு ஊட்டி, மீண்டும் உட்செலுத்தும் எக்மோ இயந்திரம் 2023இல் சோதிக்கப்பட்டது. அங்கும் இறப்புக் குறையவில்லை. குருதிப்பெருக்கும் கால் நாடிச் சிக்கல்களும் மிகுந்தன.

2024இல்தான் நம்பிக்கை தரும் முடிவொன்று வந்தது. தொடை நாடி வழியே இதயத்தின் இடது கீழறைக்குள் செலுத்தப்படும் இம்பெல்லா என்னும் நுண்ணிய பம்பினை டென்மார்க், ஜெர்மனி, பிரித்தானியா ஆகிய நாடுகளில் சோதித்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 100க்கு 58 பேர் 180 நாளுக்குள் இறக்க, பம்பு பெற்றோருள் 46 பேர் அளவில் இறந்தனர். பெரும்பேறுதான். ஆனால் 355 நோயாளரைத் தெரிந்தெடுக்க அவர்களுக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. நினைவு மீளாதோர் சேர்க்கப்படவில்லை. பம்பு பெற்றோரிடையே குருதிப்பெருக்கும் சிறுநீரகச் சிக்கலும் கூடுதலாக இருந்தன. ஒருவருக்குப் பயன்பட்ட பம்பு மற்றொருவருக்குப் பயன்படாது. அதன் விலையோ பல்லாயிரம் டொலர்.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? உன்னிச்சைக் குளத்து நீரில் வேளாண்மை செய்யும் கமக்காரர் அதனை எளிதில் அறிவர். வாய்க்கால் அடைபட்டுப் பயிர் கருகியபின் பம்பு பூட்டி என்ன பயன்? அடைப்பை நேரத்தோடு நீக்கல் வேண்டும். அடைபட்ட நாடியை விரைந்து திறந்தால் ஆறு மாதத்தில் உயிர் தப்புவோர் தொகை கூடுகிறது என்பது 1999இலேயே நிறுவப்பட்டது. பம்பு வந்தபின்னும் அவ்வுண்மை மாறவில்லை.

இனி எமது வாவிக் கரைக்கு வருவோம். படுவான்கரை வட்டையொன்றில் இரவுக் காவலிருக்கும் ஒருவனுக்கு நெஞ்சு அடைக்கிறது. வாய்வு என்று எண்ணி விடியும்வரை பொறுக்கிறான். விடிந்ததும் வாகனம் தேடுகிறார்கள். சிற்றூர் வைத்தியசாலையிலிருந்து அடுத்த வைத்தியசாலைக்கு, அங்கிருந்து நகருக்கு எனக் கடிதத்தோடு அனுப்பப்படுகிறான். ஒவ்வொரு படியிலும் தசை இறந்துகொண்டிருக்கிறது. இவனுக்கு நகரில் உலகத்தின் மிகச் சிறந்த பம்பு காத்திருந்தாலும் அது கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரமே அன்றோ?

மண்முனைத் துறையில் நோயாளியோடு பாதைக்குக் காத்துநின்ற காலத்தை எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. அதனை எவரும் இதய வைத்தியம் என்று அழைக்கவில்லை; ஆயினும் அதுவும் இதய வைத்தியத்தின் ஒரு பகுதியே. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்த 1990 நோயாளர் காவு வண்டிச் சேவையும் அத்தகையதே.

சட்டம் பயின்றோர் என்ற முறையில் மற்றொன்றையும் நாம் சுட்டிக்காட்டல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் கிராமிய வைத்தியசாலைகள் முதலியவற்றை மாகாணத்திடம் ஒப்படைத்தது; போதனா வைத்தியசாலைகளை விலக்கி வைத்தது. ஆகவே நோயாளி ஒருவனே, பொறுப்பாளரோ இருவர். மாகாண சபையோ 2017இல் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தது. நோயாளி வழியில் இறந்தால் யாரைக் கேட்பது? அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயமும் சுகாதாரத்தைத் தனியுரிமையாக எடுத்துக் கூறவில்லை. எனவே கடமை எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும்.

அங்ஙனமாயின் ஏழைக்குப் பம்பு வேண்டாம் என்கிறோமா? ஒருபோதும் இல்லை. வரிசையைச் சீர்செய்க என்கிறோம்.

முதலாவது, வாவியின் இருகரை வைத்தியசாலைகளிலும் இரவுபகலாக ஈ.சி.ஜி. எடுக்கப்படல் வேண்டும். நோயாளி வந்த 10 நிமிடத்துள் அது எடுக்கப்பட்டு, இதய நிபுணர் ஒருவரின் கண்ணுக்கு எட்டல் வேண்டும். நாடியை உரிய நேரத்தில் திறக்க இயலாத இடத்தில் கொடுப்பதற்கு, குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்து தீராமல் இருத்தல் வேண்டும். 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டை நாம் கண்டோம்.

இரண்டாவது, நோயாளியை மாற்றும் முறையை மாகாணமும் மத்திய அமைச்சும் ஒருங்கே கையொப்பமிட்டு வெளியிடல் வேண்டும்.

மூன்றாவது, அடைபட்ட நாடியைத் திறக்கும் சிகிச்சை கிழக்கில் எந்நாளும் எந்நேரமும் கிடைத்தல் வேண்டும்; அதற்குரிய நிபுணரும் தாதியரும் போதிய தொகையில் நியமிக்கப்படல் வேண்டும்.

நான்காவதாக, பம்பு வருக. பயின்ற குழுவும், போதிய நோயாளரும், அதிதீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்தில் அது அமைக! யாருக்கு வைத்தனர், எத்தனை பேர் பிழைத்தனர் என்ற கணக்கு ஆண்டுதோறும் மக்கள்முன் வைக்கப்படுக!

மக்களாகிய எமக்கும் கடமை உண்டு. நெஞ்சு நோவை வாய்வு என்று தள்ளிப் போடாது உடனே 1990ஐ அழைத்தல் வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம், இயந்திரம் எப்போது வரும் என்று மட்டும் கேளாது, வெல்லாவெளியில் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுபவன் எத்தனை மணிக்கு நிபுணர் முன் கிடத்தப்படுவான் என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்லக்கூடியவனிடமே பம்பையும் கேளுங்கள்.