சீருடையிடம் யார் கணக்குக் கேட்பது?

“ராணுவ ஆட்சி வந்தாத்தான் மேடம் இந்த நாடு உருப்படும்.”

கள்ளக்குறிச்சியில் பாடம் நடத்தும் எனக்கு இது பழகிய வாக்கியம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு இன்னும் அடிக்கடி கேட்கிறேன். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர், சலித்துப்போனவர்கள். ஆனாலும் இந்த ஆசைக்கு நான் தலையாட்ட மாட்டேன்.

1976 மார்ச்சில் அர்ஜெண்டினாவின் தளபதிகளும் ‘ஒழுங்கு’ என்று சொல்லித்தான் ஆட்சியைப் பிடித்தார்கள். தொழிற்சங்கங்களை முடக்கினார்கள். ஆயிரக்கணக்கானோரைக் காணாமல் ஆக்கினார்கள். 1983இல் அவர்கள் இறங்கியபோது வெளிநாட்டுக் கடன் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. வாய் திறக்க நாடே அஞ்சிய 1977 ஏப்ரலில், பிளாசா தெ மாயோ சதுக்கத்தில் வந்து நின்று “பிள்ளைகள் எங்கே?” என்று கேட்டவர்கள் தாய்மார்கள்.

அவ்வளவு தொலைவு போவானேன்? பக்கத்தில் இலங்கை. முன்னாள் ராணுவ அதிகாரி கோத்தபய 2019இல் தேர்தலில் வென்றுதான் வந்தார். அவருக்கு விழுந்த வாக்குகளிலும் என் மாணவர்களின் அதே ஆசை இருந்தது. கொரோனா தடுப்புப் பணி ராணுவத் தளபதியின் கைக்குப் போனது. அமைச்சகச் செயலர் நாற்காலிகளில் ஜெனரல்கள் அமர்ந்தார்கள். 2021இல் உழவரைக் கேட்காமலே ரசாயன உரத்துக்குத் தடை. உத்தரவு போட்டால் நெல் விளையுமா? 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. எரிவாயு வரிசையில் கால்கடுக்க நின்றவர்களும், இல்லாத சோற்றைப் பங்கிட்டவர்களும் பெண்கள். அதற்கு ஐந்தாண்டு முன்பே, 2017இலிருந்து, கிளிநொச்சியில் பிள்ளைகளின் படத்தோடு தெருவில் அமர்ந்து அதே ராணுவத்திடம் கணக்குக் கேட்டவர்களும் தமிழ்த் தாய்மார்கள்தாம். அன்று தெற்கு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது, கல்வராயன் மலையிலிருந்து வரும் மாணவி எழுந்தாள்.

“எங்க ஆயா 1996லதான் மேடம் முதல் ஓட்டுப் போட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஜாகீர்தார் சொன்னதுதான் சட்டம். கூப்பிட்டா சும்மா போய் உழைக்கணும். கூலின்னு கேக்க முடியாது.”

1976 வரை அந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. ஒற்றைக் குரல் ஆட்சி எப்படியிருக்கும் என்பதை அவளுடைய ஆயா பட்டறிந்தவர்.

கருணாபுரத்துச் சாவுக்குப் பிறகு ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார், உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. போதாதுதான். தாலியறுத்த பெண்களுக்கு இது எதையும் திருப்பித் தரவில்லை. ஆனால் இந்தக் கொஞ்சமும் கேள்வி கேட்க முடிந்ததால் வந்தது. கேட்கிற வாயையே மூடிவிட்டு, ஊழல் ஒழிந்தது என்று கொண்டாடச் சொல்கிறீர்களா?

இன்னும் உரக்கக் கேட்போம். துப்பாக்கியை நடுவராக்க வேண்டாம், பெண்ணே.