தறி வீட்டில் பிள்ளைக்கு ஒரு மூலை!

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் பொழுது விடிந்தால் தறிச் சத்தம்தான். புருஷன் தறியில். பெண்டாட்டி ராட்டையில், இல்லையென்றால் பக்கத்துத் தறியில். நாலு வயதுப் பிள்ளை எங்கே?

அதே வீட்டில்தான். தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கையில் செல்போன்!

பெற்றவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஒரு இழை அறுந்தாலும் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். நடுவிலே எழுந்து 'அ, ஆ' சொல்லிக் கொடுக்க நேரம் ஏது? போனைக் கொடுத்தால் பிள்ளை கப்சிப். வேலை நடக்கிறது.

ஆனால் இந்த அமைதிக்கு விலை உண்டு. 2 முதல் 4 வயது வரை உள்ள பிள்ளை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. தறி ஓடுவதோ நாள் முழுக்க!

போனைப் பிடுங்கினால்? "சும்மா இருக்கியே, அந்தத் தாரை எடுத்துக் குடு" என்று ஆரம்பிக்கும். இன்றைக்குத் தார், நாளைக்குத் தறி. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது குற்றம் என்று சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று அதிலேயே ஒரு சந்தும் விட்டிருக்கிறார்கள். சந்து அகலமாகாமல் பார்த்துக்கொள்வது வீட்டார் கையில்தான் இருக்கிறது.

காசு வேண்டாம், பாய் போதும்

வழி என்ன? தறியிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில், குழியை விட்டுத் தள்ளி, ஒரு பாய் விரியுங்கள். அது பிள்ளையின் இடம். நாலு பழைய தட்டு, நாலு வேலை. ஒரு நேரத்துக்கு ஒரு தட்டு மட்டும்.

முதல் தட்டில் ஆற்று மணல். சலித்துப் பரப்பிக் கொடுத்தால் விரலால் எழுதும், அழிக்கும், மறுபடி எழுதும்.

இரண்டாவது, நூல் எழுத்து. அட்டையில் எழுத்தைப் பெரிதாக எழுதி, அதன் மேல் மைதாப் பசை தடவி, கழிவு நூலை ஒட்டுங்கள். காய்ந்ததும் பிள்ளை விரலால் தடவிப் பார்க்கும். உப்புத்தாளில் எழுத்து வெட்டிக் கொடுத்து இதே வேலையைச் செய்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்.

மூன்றாவது, படமும் பேரும். பானை, பால், பாய், பாவு. படம் ஒரு சீட்டு, பேர் ஒரு சீட்டு. ஜோடி இரண்டுக்கும் பின்புறம் ஒரே கலர் பொட்டு. சேர்த்தது சரியா என்று திருப்பிப் பார்த்துப் பிள்ளையே தெரிந்துகொள்ளும். "அம்மா, சரியா?" என்று தறியை நிறுத்த வேண்டியதில்லை!

நாலாவது, நேற்றைய மாலைப் பேப்பர். கொட்டை எழுத்துத் தலைப்பில் 'ப' எங்கே, 'ம' எங்கே என்று பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள்.

247 எழுத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வைக்காதீர்கள். 'ப, ட, ம' மூன்றும், மேலே வைக்க ஒரு புள்ளியும் போதும். படம் வரும், பட்டம் வரும். கூட 'டு' சேர்த்தால் வீட்டுத் தறியில் ஓடும் பட்டே வந்துவிடும்!

முதல் நாள் ஒருமுறை செய்து காட்டுங்கள். அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். தப்பாகச் செய்தாலும் அதட்ட வேண்டாம். கால் மணி நேரம் உட்கார்ந்தாலே பெரிசு. வாரத்துக்கு ஒருமுறை தட்டை மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. புளியங்கொட்டை, மணி, ஊசி எதுவும் அந்தப் பாய்க்கு வரக் கூடாது. மூக்கில் போட்டுக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சீமைக்குப் போன மணல்

"மணலில் எழுதுவதா? அது பழங்காலம்" என்பார்கள். 1789-ல் சென்னை எழும்பூரில் தொடங்கிய அனாதைச் சிறுவர் விடுதியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் பாதிரியார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் விடுதியிலும் புகுத்தினார். 1797-ல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று சீமையில் பள்ளிக்கூடங்கள் நடந்தன. அங்கே போய்ப் பேர் வாங்கிய மணல் முள்ளிப்பட்டில் மட்டும் கசக்குமா?

"ஸ்கூலுக்குப் போனால் தானா வந்துடும்" என்கிறவர்களும் உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பின்தங்கிய சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை அரசு கொண்டு வந்தது. தானாக வந்திருந்தால் தனித் திட்டம் எதற்கு?

அதற்காகப் பிள்ளையைத் தட்டோடு விட்டுவிட்டால் போதும் என்று அர்த்தமில்லை. ராத்திரி தறி நின்றதும் பத்து நிமிஷம் மடியில் உட்கார வைத்து, அன்றைக்கு என்ன எழுதியது என்று கேளுங்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் பிள்ளை பகல் முழுக்க எழுதும்!

இதில் நெசவாளர் பாடு மட்டும் போதாது. பாவு கொடுக்கும் கூட்டுறவுச் சங்கமும் முதலாளிகளும், பாவோடு கூட வீட்டுக்கு ஒரு படப் புத்தகம் கொடுத்தால் என்ன? ஒரு பட்டுச் சேலை விலையில் ஒரு தெருவுக்கே வாங்கலாமே!

தமிழில் இழையும் நூல்தான், புத்தகமும் நூல்தான். முதல் நூல் முள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இரண்டாவது நூலையும் சேர்த்து வைக்கத் தேவை ஒரு பாய், நாலு தட்டு. இன்றைக்கு ராத்திரியே விரிக்கலாம்!