சக்கர நாற்காலி சலுகையல்ல, உரிமை

மேலப்பாளையத்திலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் வயதான வாப்பா, உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் ஒரு முதியவர் இறந்தார். வயது 80. சக்கர நாற்காலிக்கு முன்பதிவு செய்திருந்தும் மனைவிக்கு மட்டுமே கிடைத்தது. அவர் நடந்தே சென்று மயங்கி விழுந்தார். ஏர் இந்தியாவுக்கு ரூ.30 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டது.

2022 ஜூலையில் திருத்தப்பட்ட விதிப்படி, மாற்றுத்திறனாளி என்பதற்காக யாரையும் விமானத்தில் ஏற்ற மறுக்கக் கூடாது. வழியில் உடல்நிலை மோசமாகலாம் என்று விமான நிறுவனம் கருதினால், மருத்துவர் பயணியை நேரில் பரிசோதித்துச் சொல்ல வேண்டும்.

டிராவல்ஸ்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் தெரிவித்து, டிக்கெட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அல்லாஹ்வின் விருந்தாளிகளுக்கு நாம் செய்யும் பணிவிடை அங்கிருந்தே தொடங்குகிறது.