கர்ப்பப்பையோடு சினைப்பையும் போயிற்றா?

கேரளத்தின் மூணாறு, வண்டிப்பெரியாறு தோட்டங்களிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல்களிலும் வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் பலர், பெரிய ஆபரேஷன் என்றால் தேனிக்கோ பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் போகிறார்கள். வீடு திரும்பும்போது தையல் பிரிக்கும் தேதி மனப்பாடமாக இருக்கும். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்களா என்று கேட்டால் பதில் வராது. அவர்களுடைய பிற்கால நினைவாற்றலுக்கு அந்தப் பதில் மிக முக்கியம். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் காரணம். முதலில் அதைப் பற்றிய குழப்பம் தீரட்டும்.

மாதவிலக்கு நின்றவர்களுக்குத் தரப்படும் ஹார்மோன் சிகிச்சை மூளையைக் கெடுக்கும் என்ற பயம் 2003இல் பரவியது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 4,532 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 40 பேருக்கு மறதிநோய் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 21 பேருக்கு. முடிவு உண்மைதான். ஆனால் அந்த வயதில் பெரும்பாலும் யாரும் உடம்புச் சூட்டுக்காக மாத்திரை தொடங்குவதில்லை. மாதவிலக்கு நின்ற மூன்று ஆண்டுகளுக்குள் சிகிச்சை தொடங்கிய பெண்களைப் பின்தொடர்ந்த 'கீப்ஸ்' ஆய்வு, பத்தாண்டு கழித்து 2024இல் தந்த முடிவு வேறு: நினைவாற்றலுக்குக் கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்துகள் மீதிருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது. கூடவே அல்சைமர் ஆபத்து குறையும் என்ற பேச்சும் எழுந்தது. எச்சரிக்கையைத் திருத்தியது நியாயம். ஞாபகசக்தி மருந்தாக இதை விற்பதற்கு ஆதாரம் இல்லை.

கொழுந்து எடுக்கும் ஐம்பது வயதுக்காரி "நெஞ்சுலேர்ந்து குப்புன்னு சூடு ஏறுது, ராத்திரி தூக்கமே இல்ல, எதுவும் ஞாபகத்துல நிக்கல" என்றால் அது முதுமை மறதியின் தொடக்கம் என்று அவள் அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பருவத்துத் தடுமாற்றம் பெரும்பாலும் பிறகு சரியாகிவிடும். சூடும் வியர்வையும் தாங்கமுடியாமல் போனால் ஹார்மோன் சிகிச்சை நன்றாகவே வேலை செய்யும். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு போன்றவை வந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக் கூடாது.

சினைப்பைகளைச் சீக்கிரமே இழந்தவர்களின் கதை இதிலிருந்து முற்றிலும் வேறு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புகளின்படி, 49 வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு முப்பதுகளின் நடுவிலேயே அந்த அறுவை முடிந்துவிடுகிறது. அதோடு சினைப்பைகளும் போனால், அவை இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு சுரந்திருக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுபோகிறது. மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட முடிவில், அப்படி இழந்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் ஆபத்து கூடியிருந்தது. வயது குறையக் குறைய ஆபத்தும் ஏறியது. 50 வயதுவரை ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. இது கண்காணிப்பு ஆய்வு மட்டுமே. ஆனாலும் எலும்பு, இதயம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, தடை ஏதும் இல்லாவிட்டால் இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை இவர்களுக்கு ஹார்மோன் கொடுக்கும்படி மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

எத்தனை தோட்டத்துப் பெண்களுக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது? ஆபரேஷன் செய்த டாக்டர் தமிழ்நாட்டில், அன்றாடம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம் கேரளத்தில். டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில், விசாரிப்பு மலையாளத்தில். நடுவே விஷயம் விழுந்துபோகிறது.

இதற்குப் புதுத் திட்டம் வேண்டாம். கேரளத்தில் 30 வயது கடந்தவர்களிடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விசாரிக்க ஆஷா ஊழியர்கள் 'சைலி' செயலியோடு வீடு தேடிப் போகிறார்கள். அந்த இரண்டும் மறதிநோய்க்கும் வழி திறப்பவை. தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. இரண்டிலும் இரண்டு கேள்வி சேர்க்கட்டும்: சினைப்பையை எடுத்தார்களா, எந்த வயதில்? தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் தாலுகாக்களில் அதைத் தமிழில் கேட்கட்டும். 45 வயதுக்கு முன் என்று பதில் வந்தால், அந்தப் பெண்ணுக்கு மகப்பேறு மருத்துவரிடம் காட்டும் சீட்டு அன்றே கையில் கிடைக்க வேண்டும்.