கடலடியில் கிடந்த பதில்

அனுப்பிய செய்திக்குப் பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் நமக்கு மனம் பதைக்கிறது. 77 ஆண்டுகள் கழித்துத் தெரியவந்த ஒரு பதிலைப் பற்றி இந்த வாரம் பேசலாம்.

1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து பிரிட்டனுக்குப் புறப்பட்டது 'கெய்ர்சோப்பா' என்ற சரக்குக் கப்பல். கர்நாடகத்தின் ஜோக் அருவிக்குக் கெருசொப்பா என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் இது. கப்பலில் தேயிலை, இரும்பு, வெள்ளிக் கட்டிகள். கூடவே அஞ்சல் மூட்டைகள்.

ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுனிலிருந்து மற்ற கப்பல்களோடு கூட்டமாகத்தான் போனது. வழியில் புயல். நிலக்கரி குறைந்துவிட, கூட்டத்தைவிட்டுப் பிரிந்து அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் திரும்பியது. தனியாக வந்த கப்பலை 1941 பிப்ரவரியில் ஜெர்மானிய நீர்மூழ்கி யூ-101 தாக்கி மூழ்கடித்தது.

கப்பலில் இருந்தவர்கள் 80க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் இந்தியக் கடலோடிகள். ஓர் உயிர்காப்புப் படகு மட்டும் 13 நாள் அலைந்து இங்கிலாந்தின் கார்ன்வால் கரையை எட்டியது. உயிரோடு கரை சேர்ந்தவர் இரண்டாம் அதிகாரி ஒருவரே.

2011-ல் சுமார் 4,700 மீட்டர் ஆழத்தில் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 2,792 வெள்ளிக் கட்டிகளை மேலே கொண்டுவந்தார்கள். உலகம் வெள்ளியைப் பற்றித்தான் பேசியது.

ஆனால், 700க்கும் மேற்பட்ட கடிதங்களும் கிடைத்தன. வெளிச்சம் இல்லாத, பிராணவாயு குறைந்த ஆழத்தில் நெருக்கமாக அமுங்கிக் கிடந்ததால் காகிதம் கரையவில்லை. 2018-ல் லண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது.

அவற்றில் ஒன்று, இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படைவீரர் ஒருவர் காதலிக்கு எழுதியது. கடிதம் வழியாகவே அவர் திருமணம் பேசினார். அவளும் சம்மதம் எழுதினாள். அதைப் படித்து ஆனந்தத்தில் அழுததாக அவர் எழுதிய பதில்தான் கடலில் மூழ்கியது.

மௌனம் சம்மதம் என்பார்கள். இங்கோ, சம்மதம் சொன்ன பிறகு வந்தது மௌனம். காத்திருந்தவள் பின்னர் வேறொருவரை மணந்து, குடும்பமாக வாழ்ந்தாள். நூறு வயதை நெருங்கியபோதுதான் அப்படியொரு கடிதம் இருந்தது அவருக்குத் தெரியவந்தது.

அந்த இந்தியக் கடலோடிகளின் வீடுகளிலும் வாசலைப் பார்த்தபடி யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு வெள்ளியும் வரவில்லை, கடிதமும் வரவில்லை.

நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட மௌனங்கள் உண்டு. "அவன் பேசவில்லை, நானும் பேசமாட்டேன்" என்று ஆண்டுக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்ட அண்ணன் தம்பிகள் எத்தனை பேர்! பதில் வராததாலேயே அன்பு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எழுதிய பதில் எங்கோ வழியில் சிக்கியிருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே முதலில் கூப்பிட்டுப் பாருங்கள்.