பழைய காருக்கும் ஒரு வரலாறு உண்டு

நடுத்தரக் குடும்பம் ஒன்று வீட்டுக்கு அடுத்தபடியாக அதிகப் பணம் போட்டு வாங்கும் பொருள் கார்தான். புதிய காருக்கு வசதி போதாதவர்கள் பழைய காரை நாடுகிறார்கள். அவர்களில் பலருடைய விருப்பம், 4 மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சிறிய எஸ்யூவி. தரையிலிருந்து சற்று உயர்ந்த அடிப்பகுதி, குடும்பமே அமரும் இடவசதி, நெரிசலான தெருவிலும் நிறுத்தக்கூடிய அளவு ஆகியவை அதற்குக் காரணங்கள். மழைநீர் தேங்குவதும், கன்டெய்னர் லாரிகளின் பாரத்தால் சாலைகள் குழிவிழுவதும் வழக்கமாகிவிட்ட ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் உயரமான கார் ஆடம்பரம் ஆகாது.

அந்த 4 மீட்டர் வரம்பே வரிக் கொள்கையின் விளைவு. நீளம் 4 மீட்டருக்குள்ளும், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும், டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்குள்ளும் இருந்தால் குறைந்த உற்பத்தி வரி என 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் வகுத்த கோடுதான் இவ்வகைக் கார்களின் உருவத்தைத் தீர்மானித்தது. 2025 செப்டம்பர் 22 முதல், இந்த வரம்புக்குள் வரும் புதிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. கூடுதல் தீர்வையும் நீங்கியது. புதிய காரின் விலை இறங்கும்போது பழைய காரின் விலையும் இறங்கியாக வேண்டும். வாங்குபவருக்கு அது நல்ல செய்தி. ஆனால், பழைய காரின் உண்மையான விலை சாவி கைமாறிய பிறகே தெரியத் தொடங்குகிறது.

எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். என வாகனத் தொழிலின் பெரும் பெயர்கள் வேர்விட்ட பகுதி இது. இயந்திரம் அறிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அதே நேரத்தில், வாகனங்களை விரைவில் தேய்க்கும் சூழலும் இதுவே. உப்புக் காற்று காரின் அடித்தகட்டையும் பிரேக் குழாய்களையும் மின் இணைப்புகளையும் அரிக்கிறது. அனல் மின் நிலையங்களின் சாம்பலும் நிலக்கரித் தூசியும் காற்று வடிகட்டியை அடைக்கின்றன. துறைமுகத்துக்குச் செல்லும் டிரெய்லர்களின் வரிசைக்கு நடுவே ஊர்ந்து செல்லும் காரில் கிளட்ச் சீக்கிரம் தேய்கிறது. ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டர் குறைவாக இருப்பதால் மட்டும் என்ஜின் குறைவாக உழைத்தது என்று பொருளாகாது.

டீசல் காரை விரும்புவோர் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிமுறை நடைமுறைக்கு வந்தபின் தயாரான டீசல் கார்களில் புகைத்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. கார் சற்று நேரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து வெளியேறும். தினமும் சில கிலோமீட்டர் நெரிசலில் மட்டுமே ஓடும் காரில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவும் அதிகம். நெடுஞ்சாலையில் லாபம் தரும் அதே டீசல் கார், தண்டையார்பேட்டைக்கும் எண்ணூருக்கும் இடையிலான அன்றாட ஓட்டத்தில் சுமையாகலாம்.

பெட்ரோல் காருக்கும் கணக்கு உண்டு. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 14 கிலோமீட்டர், லிட்டர் விலை 100 ரூபாய் என்று கொண்டால் எரிபொருளுக்கு மட்டும் ஏறத்தாழ 71,400 ரூபாய். இப்போது விற்பனையாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கென வடிவமைக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே மதிப்பிட்டது. 6 சதவீதம் குறைந்தாலும் ஆண்டுக்கு 4,500 ரூபாய் கூடும். காப்பீடு, டயர், பேட்டரி, பராமரிப்பு எல்லாம் இதற்கு மேல்.

இந்தச் செலவுகளை எல்லாம் ஓரளவு முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். கணக்கில் அடங்காதது காரின் கடந்த காலம். 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. எண்ணூர்ப் பகுதியில் அந்த வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவும் கலந்து வந்தது. நீரில் நின்ற காரைக் கழுவி, இருக்கைத் துணியை மாற்றி, மெருகேற்றிவிட்டால் பார்வைக்குப் புதிது போலிருக்கும். கம்பிகளின் இணைப்புகளிலும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் புகுந்த ஈரம் மாதங்கள் கழித்தே வேலையைக் காட்டும். ஏர்பேக், பிரேக் போன்ற உயிர்காக்கும் அமைப்புகளும் அந்த மின்னணுவையே நம்பியுள்ளன என்பதால், இது பணத்தோடு முடிகிற விவகாரம் அல்ல.

பழுதுபார்க்கும் செலவு, காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கருதி இழப்பீடு தருகிறது. எஞ்சிய கார் ஏலத்துக்குப் போகிறது. நிரந்தரமாகப் பயனற்றுப்போன வாகனத்தின் பதிவை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு வழிசெய்கிறது. ஆனால், பதிவு ரத்தாகாமல் ஏலம்போகும் கார் பட்டறைக்குச் சென்று, செல்லுபடியாகும் ஆர்.சி. புத்தகத்தோடு மீண்டும் சந்தைக்கு வர முடியும். அதை வாங்கும் குடும்பத்துக்கு அதன் கதை தெரிய வழியில்லை.

சட்டம் இங்கே எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொதுவாக, வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற கொள்கையில் நிற்கிறது. வணிகரிடம் வாங்கினால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நாடலாம். ஆனால், குறை முன்பே இருந்தது என்று நிறுவும் சுமை நடைமுறையில் வாங்கியவர் தலையில் விழுகிறது. பழைய வாகன விற்பனையாளர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. வாகனம் அவர்கள் வசம் இருக்கும் காலத்துக்கு யார் பொறுப்பு என்பதை அது தெளிவாக்கியது வரவேற்கத்தக்கது. ஆனால், வாகனம் வெள்ளத்தில் நின்றதா, விபத்தில் சிதைந்ததா என்று வாங்குபவருக்கு அறிவிக்கும் கடமை இன்னும் வேண்டியிருக்கிறது.

ஃபோர்டு நிறுவனத்தின் எக்கோஸ்போர்ட் இதற்குப் பொருத்தமான சான்று. 2013-இல் விற்பனைக்கு வந்து, இந்தியாவில் சிறிய எஸ்யூவி மோகத்தை வளர்த்த கார்களுள் ஒன்று அது. மறைமலை நகர் ஆலையில் தயாராகி அமெரிக்கா வரை கப்பலேறியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-இல் ஆலை ஓய்ந்தது. இன்று பழைய கார் சந்தையில் அதை வாங்குபவர், உதிரிபாகம் தொடர்ந்து கிடைக்குமா என்ற கேள்வியையும் சேர்த்தே வாங்குகிறார்.

அதே காரை அமெரிக்காவில் ஒரு விற்பனையாளரிடம் பழையதாக வாங்குபவருக்கு, உத்தரவாதம் உண்டா இல்லையா என்று எழுதிய அறிவிப்பைக் காரின் மீதே ஒட்டிக் காட்ட வேண்டும் என்பது 1985 முதல் அங்குள்ள விதி. முழு இழப்பாக அறிவிக்கப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்தில் அதற்கான முத்திரை விழும். தேசியத் தரவுத்தளத்திலும் பதிவாகும். அங்கும் ஏமாற்று உண்டு. ஆயினும், கேட்பவருக்குப் பதில் சொல்ல ஒரு பதிவேடு இருக்கிறது. சென்னையில் தயாரான ஒரே காருக்கு அயல்நாட்டில் வரலாறு இருக்கிறது, திருவொற்றியூரில் இல்லை என்பது விந்தை.

நம்மிடம் இதற்கான கட்டமைப்பு இல்லாமலும் இல்லை. வாகன் தரவுத்தளத்தில் உரிமையாளர் வரிசை, வங்கிக் கடன், காப்பீட்டின் காலவரம்பு, புகைச் சான்று ஆகியவை ஏற்கெனவே உள்ளன. காப்பீட்டு நிறுவனங்களிடம் இழப்பீட்டு விவரங்கள் உள்ளன. உரிமையாளரின் பெயரையோ தனிப்பட்ட தகவலையோ வெளியிடாமல், 'முழு இழப்பு', 'வெள்ளச் சேதம்' என்ற இரு குறிப்புகளை மட்டும் பதிவெண்ணோடு இணைத்தால் போதும். விற்பனையாளர் அதை எழுத்தில் தெரிவிப்பதை அங்கீகாரத்தின் நிபந்தனையாக்கலாம்.

அதுவரை வாங்குபவர் செய்யக்கூடியவை சில. முந்தைய ஆண்டுகளின் காப்பீட்டுப் பத்திரங்களைக் கேட்டுப் பெற வேண்டும். ஒரே உரிமையாளரிடம் ஆண்டுதோறும் வளர்ந்துவந்த 'நோ கிளெய்ம் போனஸ்' திடீரெனப் பூஜ்யமாகியிருந்தால், ஏதோ ஓர் இழப்பீடு பெறப்பட்டிருக்கக்கூடும். காரணத்தைக் கேட்க வேண்டும். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளம், சீட் பெல்ட்டின் அடிப்பகுதி, ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவற்றில் துருவோ சேறோ இருக்கிறதா என்று நம்பகமான மெக்கானிக்கை வைத்துப் பார்க்க வேண்டும். வாங்கிய 14 நாள்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மழைக்காலத்தில் என்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் கூடுதல் காப்பீடு இப்பகுதியில் வீண் செலவாகாது.

எனினும், சேமிப்பைத் திரட்டித் தவணைக் கடனும் வாங்கிக் கார் வாங்கும் குடும்பம், துப்பறிவாளராகவும் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அடுத்த வடகிழக்குப் பருவமழையிலும் கார்கள் மூழ்கக்கூடும். மூழ்கிய செய்தி ஆர்.சி. புத்தகத்தோடு சேர்ந்து பயணிக்கும் ஏற்பாட்டை அதற்கு முன்பே அரசு செய்யலாம்.